அந்த இரண்டு மார்க்

 

இந்த மாதச் சுவர் இதழுக்கு 'மரம் வளர்ப்போம்' என்று எழுதலாம் என்றுதான் இருந்தேன். போன தடவையும் அதைத்தான் எழுதினேன். தமிழ் டீச்சர் படித்துப் பார்த்துவிட்டு, "மரம் போதும்மா, இந்தத் தடவை உனக்கு நடந்தது ஏதாவது எழுது" என்றார்கள். எனக்கு என்ன பெரிசா நடந்துச்சு என்று யோசித்தேன். அக்காவுக்கு நடந்ததுதான் ஞாபகம் வந்தது. அதில் எனக்கும் பங்கு இருக்கிறது. அக்காவிடம் போனில் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதிக்கோ, ஆனா எம் பேரைப் போடாதே" என்று சொல்லிவிட்டாள். அதனால் என் பெயரையும் கீழே போடவில்லை. கையெழுத்தைப் பார்த்தே நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள், அது வேற விஷயம்.

என் அக்காவும் நம் பள்ளியில் படித்தவள்தான். இங்கே பத்தாம் வகுப்பு வரைதானே இருக்கு? அதனால் பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்க பஸ் ஏறி டவுன் கவர்மெண்ட் ஸ்கூலுக்குப் போனாள். கணிதம், இயற்பியல், வேதியியல், கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். எங்கள் அம்மா பீடி சுற்றுகிறார். அப்பா கேரளாவில் கொத்தனார் வேலை. மாதத்துக்கு ஒரு தடவை வருவார். எங்கள் வீட்டில் இதுவரை யாரும் காலேஜ் வாசலை மிதித்தது இல்லை. ஆச்சி மட்டும் ஒரு தடவை எலெக்ஷன் ஓட்டு எண்ணும்போது காலேஜ் வாசல் வரைக்கும் போயிருக்காளாம்!

அக்காவுக்கு இன்ஜினியரிங் படிக்கணும் என்று ஆசை. அதுவும் ஒரு குறிப்பிட்ட அரசுக் காலேஜில், ஈசிஇ. அதற்குக் கட் ஆஃப் வேண்டும். கட் ஆஃப் என்றால் என்ன என்று எனக்கும் அப்போது தெரியாது. நம் வகுப்பில் நிறையப் பேருக்கு இன்னும் தெரியாது என்பதால் சொல்கிறேன். பிளஸ் டூவில் ஆறு பாடம், 600 மார்க். ஆனால் இன்ஜினியரிங்குக்கு மூன்று பாடத்தை மட்டும்தான் எடுத்துக்கொள்வார்கள். கணக்கு 100 அப்படியே. இயற்பியலைப் பாதியாக்கி 50. வேதியியலைப் பாதியாக்கி 50. மொத்தம் 200. இதற்குப் பேர்தான் கட் ஆஃப். தமிழில் 99 எடுத்தாலும் இதில் சேராது. அதற்காகத் தமிழை விட்டுவிடக் கூடாது, எல்லாவற்றிலும் பாஸ் ஆகணும் (டீச்சர், இதைக் கட்டாயம் எழுதச் சொன்னீர்கள், எழுதிவிட்டேன்).

அந்தக் காலேஜில் போன வருஷம் கடைசியாகப் போன கட் ஆஃப் எவ்வளவு என்று அக்கா யாரிடமோ கேட்டுக்கொண்டு வந்தாள். எங்கள் பிரிவுக்கு 165 என்று சொன்னார்களாம். அந்த நம்பரை ஒரு பேப்பரில் சிவப்பு ஸ்கெட்ச்சால் எழுதி, பீரோ கதவில் ஒட்டினாள். காலையில் எழுந்தால் 165. தலை சீவினால் 165. வீட்டுக்கு வந்த அத்தை, "இது என்ன, கேஸ் சிலிண்டர் நம்பரா?" என்று கேட்டார்கள்.

அக்கா பிளஸ் டூ போனதிலிருந்து வீட்டில் எல்லாமே மாறிவிட்டது. அதற்கு முன்னால் அவளும் நானும் சேர்ந்து அம்மாவுக்கு உதவி செய்வோம். அம்மா இலை வெட்டி, தூள் வைத்துச் சுற்றிப் போட, நாங்கள் முனை மடக்குவோம், 25 பீடி சேர்த்துக் கட்டுக் கட்டுவோம். (சார், டீச்சர், சின்னப் பிள்ளைகள் பீடி வேலை செய்யக் கூடாது என்று நீங்கள் சொன்னது எனக்குத் தெரியும். அம்மாவும் சொல்வார். ஆனால் கடைக்குக் கணக்குக் கொடுக்கிற நேரம் வந்துவிட்டால் யாரும் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது.) பிளஸ் டூ ஆனதும் அம்மா, "பெரியவ படிக்கட்டும், நீ மடக்கு" என்று சொல்லிவிட்டார். தண்ணி பிடிக்க நான். பாத்திரம் விளக்க நான். ஆட்டுக்குக் குழை ஒடிக்க நான். அவள் மட்டும் லைட்டுக்கு அடியில் உட்கார்ந்து படிப்பாள்.

உண்மையைச் சொல்கிறேன். எனக்குப் பிடிக்கவில்லை. மனசுக்குள் ரொம்பக் கோபம். 'இவளுக்கு சீட் கிடைச்சா இன்னும் நாலு வருஷம் எல்லா வேலையும் நாமதானே செய்யணும்? கிடைக்காட்டா என்ன?' என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். சும்மா ஒரு நிமிஷம்தான் நினைத்தேன். ஆனால் நினைத்தேன்.

2025 மார்ச்சில் அக்காவுக்குப் பரீட்சை. நான் அப்போது எட்டாம் வகுப்பு. கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம் அம்மாவுக்கு 200 பீடிக்கு மேல் முனை மடக்காமல் கிடந்தது. காலையில் கடைக்குக் கொண்டுபோகணும். எனக்கு அலுப்பாக இருந்தது. "யம்மா, வயிறு வலிக்கி" என்று சொல்லிப் படுத்துவிட்டேன். வயிறு வலிக்கவே இல்லை. போர்வைக்குள்ளே இருந்து பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து அக்கா புக்கை மூடி வைத்துவிட்டு வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மா, "நீ போய்ப் படிட்டி" என்றார். "எல்லாம் படிச்சாச்சும்மா, ரெண்டு பேரும் செஞ்சா சீக்கிரம் முடியும்" என்றாள். நான் அப்போதே எழுந்து வந்திருக்கலாம். எழுந்தால் பொய் தெரிந்துவிடுமே என்று கண்ணை மூடிக்கொண்டேன். அப்படியே தூங்கியும் போனேன்.

பரீட்சை முடிந்து ரிசல்ட் வரும் வரை ஒன்றரை மாதம். அதுதான் ரொம்பக் கஷ்டமான நாட்கள். பரீட்சை எழுதும்போதுகூட அக்கா இப்படிப் பயப்படவில்லை. கேள்வித்தாளை மடித்து மடித்து அது நாலு துண்டாகக் கிழிந்துவிட்டது. அதைச் செலோ டேப் போட்டு ஒட்டி மறுபடியும் கூட்டுவாள். கணக்கில் ஒரு மார்க் 20, இரண்டு மார்க் ஏழு, மூன்று மார்க் ஏழு, ஐந்து மார்க் ஏழு, மொத்தம் 90. மீதி 10 இன்டர்னல். "இதுல ஒண்ணு போனா 170, இதுவும் போனா 166" என்று தனக்குத்தானே பேசுவாள். ராத்திரி முழிப்பு வந்து பார்த்தால் உட்கார்ந்திருப்பாள். "யக்கா, தூங்கலையா?" என்றால், "நான் பாஸாயிருவேம்ட்டி, ஆனா பாஸானா பத்தாதே" என்பாள்.

அது எனக்கு அப்போது புரியவில்லை. பாஸானால் போதும்தானே என்று நினைத்தேன். ரிசல்ட் வந்தபோதுதான் தெரிந்தது, அந்த வருஷம் தமிழ்நாட்டில் பிளஸ் டூ எழுதினவர்களில் நூற்றுக்கு 95 பேர் பாஸ். சரியாகச் சொன்னால் 95.03 சதவீதம். எல்லாரும் பாஸாகிறபோது யாரும் "பாஸா?" என்று கேட்பது இல்லை. "எத்தனை மார்க்?" என்றுதான் கேட்கிறார்கள். தெருக்குழாயில், கோயிலில், ரேஷன் கடையில் எல்லா இடத்திலும் கேட்டார்கள். அக்கா தண்ணி பிடிக்க வருவதையே விட்டுவிட்டாள்.

மே 8ஆம் தேதி ரிசல்ட். ஸ்கூலில் அப்பா நம்பரைத்தான் கொடுத்திருந்தாள். அதனால் மெசேஜ் அப்பா போனுக்கு, கேரளாவுக்குப் போய்விட்டது. அப்பாவுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. கூட வேலை பார்க்கிற ஒரு அண்ணன் வாசித்துச் சொல்ல, அப்பா போனில் எங்களுக்குச் சொன்னார். அக்கா நோட்டில் எழுதினாள். தமிழ் 91, இங்கிலீஷ் 82, கணக்கு 78, இயற்பியல் 84, வேதியியல் 86, கம்ப்யூட்டர் சயின்ஸ் 93. மொத்தம் 514. அப்பா சந்தோஷத்தில், "514ஆம்! எல்லாருக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுக்கப் போறேன்" என்று கத்தினார். அம்மா அழுதேவிட்டார். அக்கா மட்டும் பேசாமல் கூட்டிக்கொண்டிருந்தாள். 78. அதோடு 42. அதோடு 43.

163.

இரண்டு மார்க் குறைந்துவிட்டது.

அவள் எதுவும் சொல்லாமல் எழுந்து போய் பீரோ கதவில் இருந்த பேப்பரைக் கிழித்தாள். அது முழுசாக வரவில்லை, 5 மட்டும் கதவிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. இப்போதும் இருக்கிறது. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. மறுநாளும் சரியாகச் சாப்பிடவில்லை. "நல்ல மார்க்குதானே, ஏன் இப்படி இருக்கா?" என்று எல்லோரும் கேட்டார்கள். எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு இன்னொன்றும் தெரியும். இயற்பியலிலும் வேதியியலிலும் குறையவில்லை. கணக்கில்தான் குறைந்திருக்கிறது. நான் வயிற்று வலி என்று பொய் சொல்லிப் படுத்தேனே, அந்தக் கணக்கு.

நான் நினைத்ததும் பலித்துவிட்டது. 'கிடைக்காட்டா என்ன' என்று நினைத்தேனே. அந்த நாலைந்து நாள் எனக்கு உண்மையாகவே வயிறு வலித்தது.

அந்த வாரம் நம் பள்ளிக் கணக்கு சார் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அக்காவுக்குப் பத்தாம் வகுப்பில் கணக்கு எடுத்தவர்கள். அக்கா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு வெளியே வரவில்லை. சார் திண்ணையில் உட்கார்ந்து அம்மாவிடம் பேசுவது போல அக்காவுக்குக் கேட்கும்படி பேசினார்கள்.

"எங்க காலத்துல பிளஸ் டூ 1200 மார்க். அதுபோக நுழைவுத் தேர்வு வேற. கட் ஆஃப் 300க்குப் போடுவாங்க. 2006ல சட்டம் போட்டு நுழைவுத் தேர்வை எடுத்தாங்க. அப்ப நானும் இப்படித்தான் ஒரு நம்பரைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். 165ன்னு யாரும்மா சொன்னது? காலேஜ்காரங்க போர்டு எழுதி வச்சிருக்காங்களா? போன வருஷம் கடைசி சீட்டு எடுத்த பிள்ளையோட மார்க்கு அது. அவ்வளவுதான். இந்த வருஷம் எத்தனை பேர் கேக்காங்க, எப்படி மார்க் வாங்கியிருக்காங்கன்னு பொறுத்து அது கூடும், குறையும். இப்பவே எப்படிக் கிடைக்காதுன்னு முடிவு பண்றீங்க?"

எனக்கு இது புதுசாக இருந்தது. நான் அந்த நம்பரை வாசல் கதவு மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன், அதைவிட ஒரு மார்க் குறைந்தாலும் தலை இடிக்கும் என்று.

சார் இன்னொன்றும் சொன்னார்கள். இது நம் எல்லோருக்கும் வேண்டியது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. 2020ல் மருத்துவத்துக்கு வந்தது. 2021ல் இன்ஜினியரிங், விவசாயம், கால்நடை, மீன்வளம், சட்டம் எல்லாவற்றுக்கும் வந்தது. அதற்குத் தனி ரேங்க் பட்டியல். அதில் சீட் கிடைத்தால் காலேஜ் பீஸ், ஹாஸ்டல் பீஸ் அரசாங்கமே கட்டும். ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் படித்தவர்களுக்கும் உண்டு. "அவ படிச்ச பள்ளிக்கூடத்துக்கு எல்லாம் போய் சர்டிபிகேட் வாங்கி வைக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகும் அக்காவுக்குக் கணக்கு மார்க் மேல் சந்தேகம். விடைத்தாள் நகல் கேட்டுப் பணம் கட்டினாள். அது வந்ததும் ப்ரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்து பாயில் பரப்பினாள். ஒவ்வொரு பக்கமாகக் கூட்டினாள். கூட்டல் சரியாகத்தான் இருந்தது. கடைசிக்கு முந்தின பக்கத்தில் ஒரு ஐந்து மார்க் கேள்வி. இரண்டு வரி எழுதி அடித்திருந்தாள். அதற்குக் கீழே பக்கம் முழுவதும் வெள்ளையாக இருந்தது. அது வந்திருந்தால் 83. கட் ஆஃப் 168.

அந்த வெள்ளைப் பக்கத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வயிறு வலிக்கவில்லை, பொய் சொன்னேன், போர்வைக்குள்ளே முழித்துத்தான் கிடந்தேன், உனக்கு சீட் கிடைக்கக் கூடாது என்று ஒரு நாள் நினைத்தேன், எல்லாம்.

அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "வயிறு வலிக்கலன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்ட்டி. வயிறு வலிச்சா நீ இப்படிக் குப்புறப் படுக்க மாட்டே" என்றாள்.

நான் இன்னும் அழுதேன்.

"இங்க பாரு. இந்தப் பாடத்தை நான் படிக்கவே இல்ல. ரெண்டு கேள்வியில ஏதாவது ஒண்ணு எழுதலாம், இது வராட்டா அது வரும்னு விட்டுட்டேன். ரெண்டுமே வரல. அன்னைக்கு நீ மடக்கி, நான் தூங்கியிருந்தாலும் இது எனக்கு வந்திருக்காது. நான் விட்ட மார்க்கை நீ எதுக்குத் தூக்கிட்டு அலையிறே?" என்றாள். பிறகு, "ஆனா கிடைக்கக் கூடாதுன்னு நினைச்சேல்ல, அதுக்கு உன்னை மிதிக்கணும்" என்று தலையில் ஒரு கொட்டு வைத்தாள். வலித்தது. ஆனால் அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன். அக்காவும் தூங்கினாள்.

அதன் பிறகு சர்டிபிகேட் வேலை. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாவற்றுக்கும் இ-சேவை மையத்துக்கு நடந்தோம். அப்பா ஒரு வாரம் லீவு போட்டு வந்தார். ஜூனில் ஒவ்வொருவருக்கும் பத்து இலக்கத்தில் ஒரு ரேண்டம் எண் கொடுத்தார்கள். இரண்டு பேருக்குக் கட் ஆஃப் ஒன்றாக இருந்தால் முதலில் கணக்கு மார்க், அப்புறம் இயற்பியல் மார்க் என்று வரிசையாகப் பார்ப்பார்களாம். எல்லாமே ஒன்றாக இருந்தால் கடைசியில் அந்த ரேண்டம் எண்ணைப் பார்ப்பார்களாம். அப்பா அந்த எண்ணைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே அலைந்தார்.

கலந்தாய்வு இப்போது ஆன்லைனில்தான். எந்தக் காலேஜ், எந்தப் பாடம் என்று வரிசையாகக் கொடுக்க வேண்டும். அக்கா ஒரே ஒரு காலேஜைத்தான் எழுதி வைத்திருந்தாள். சார் பார்த்துவிட்டு, "ஒண்ணை மட்டும் கொடுத்தா அது போச்சுன்னா எல்லாம் போச்சு. நிறையக் கொடு. ஆனா கிடைக்குமா கிடைக்காதான்னு பார்த்து வரிசை போடாதே. உனக்கு எது ரொம்பப் பிடிக்குதோ அதை முதல்ல போடு. மேல உள்ளது கிடைக்காட்டா அடுத்ததைப் பார்க்கும். ஆசைப்பட்டதை மேல போட்டதால உனக்கு நஷ்டம் கிடையாது" என்றார்கள். அதன்படி பழைய ஆசையை முதலில் போட்டு, அதற்குக் கீழே வரிசையாகப் பல காலேஜ் போட்டாள்.

முதல் நாலும் கிடைக்கவில்லை. ஐந்தாவது கிடைத்தது. வேறொரு அரசுக் காலேஜ், ஈசிஇ இல்லை, சிவில் இன்ஜினியரிங். அக்காவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். இல்லை என்று சொன்னால் அது பொய். அப்பா போனில் கேட்டார், "சிவில்னா என்ன யம்மா?" "கட்டடம் கட்டுறதுப்பா." அப்பா ரொம்ப நேரம் பேசவே இல்லை. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்தோம். அப்புறம், "அப்ப எங்க இன்ஜினியர் மாதிரி நீயும் பிளானைக் கையில வச்சுக்கிட்டு நிப்பே, என்ன?" என்றார். அக்கா, "ஆமாப்பா" என்றாள். அதற்குப் பிறகு அவள் ஈசிஇ பற்றி எங்களிடம் பேசவில்லை.

இப்போது அக்கா ஹாஸ்டலில் இருக்கிறாள். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. அதில் எனக்கு ஒரு ஜியோமெட்ரி பாக்ஸ் வாங்கிக் கொடுத்தாள். நான் பயந்த மாதிரியே வீட்டு வேலை எல்லாம் என் தலையில்தான். முனை மடக்குகிறேன், தண்ணி பிடிக்கிறேன், ஆட்டுக்குக் குழை ஒடிக்கிறேன். சில நாள் கோபம் வருகிறது. ஆனால் அம்மா ராத்திரி ஏழு மணிக்கு மேல், "போதும், லைட்டு கிட்ட போ" என்று சொல்கிறார். அக்கா உட்கார்ந்த இடம் இப்போது என் இடம்.

தோழிகளே, தோழர்களே! நமக்கும் இன்னும் மூன்று வருஷத்தில் இந்த நாள் வரும். நான் அக்காவைப் பார்த்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். வராது என்று ஒரு பாடத்தை விடாதீர்கள், அதிலிருந்துதான் வரும். ஒரே ஒரு நம்பரைக் கதவில் ஒட்டாதீர்கள். ஒட்டினாலும் பக்கத்தில் வேறு நாலு வழியையும் எழுதி ஒட்டுங்கள். ஒருவேளை பெயிலே ஆனாலும் அந்த வருஷமே துணைத் தேர்வு இருக்கிறது. மனசு ரொம்பச் சரியில்லை என்றால் 104க்கு போன் செய்யலாம், 14417க்கும் போன் செய்யலாம், காசு கிடையாது. இல்லை என்றால் வீட்டில் யாரிடமாவது சொல்லுங்கள். சொல்லாமல் வைத்திருந்தால் வயிறுதான் வலிக்கும். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

உங்கள் வீட்டில் அக்காவோ அண்ணனோ இந்த வருஷம் பிளஸ் டூ எழுதுகிறார்கள் என்றால், தயவுசெய்து அந்தக் கேள்வியை மட்டும் கேட்காதீர்கள். எந்தக் கேள்வி என்று உங்களுக்கே தெரியும். முடிந்தால் அவர்கள் பங்கு வேலையில் ஒரு பங்கை நீங்கள் செய்யுங்கள்.

பீரோ கதவில் ஒட்டியிருக்கிற அந்த 5ஐச் சுரண்டி எடுத்துவிடலாமா என்று போன வாரம் அக்காவிடம் கேட்டேன். "இருக்கட்டும்ட்டி, உனக்கு உதவும்" என்றாள். எப்படி உதவும் என்று சொல்லவில்லை. அப்படியே விட்டிருக்கிறேன்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி